வெயிலேறி வரும் மருதாணிப் பூச்சி

காலண்டர் அச்சடிக்கச் சிவகாசிக்குப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மே மாதமே போகிறேன் என்றதும்தான் என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "கத்திரி வெயில்ல அந்த ஊருக்கா? உனக்கென்ன கிறுக்கா?" என்றார். முப்பது வருடம் கோயம்புத்தூர்ப் பள்ளி ஒன்றில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவளுக்குக் கொஞ்சம் கிறுக்கு இருந்தால் தப்பில்லை. என்னுடைய கிறுக்கு வண்ணத்துப்பூச்சிகளைப் படம் பிடிப்பது.

எங்கள் ஊரில் என்னைப்போல் பூச்சி பார்த்துத் திரிகிற பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு காலண்டர் போடுவதென்று முடிவு செய்திருந்தோம். மாதத்துக்கு ஒரு பூச்சி. பதினொரு படங்கள் தேறிவிட்டன. மே மாதத்துக்கு மட்டும் படம் இல்லை. வறண்ட காட்டில் உச்சி வெயிலில் பறக்கிற ஒன்று வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எடுக்கப் போவது யார் என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அச்சகத்தில் மாதிரி பார்க்கும் வேலையும் இருந்ததால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை மாலை விருதுநகரில் இறங்கினேன். வெயில் சாய்ந்த பிறகும் ரயிலடிச் சிமெண்டுத் தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நேராக எண்ணெய் பரோட்டா தின்னப் போனேன். அகலமான கல்லில் எண்ணெய் குளமாக நிற்க, அதில் பரோட்டாக்கள் மிதந்து பொரிந்துகொண்டிருந்தன. எங்கள் ஊரில் குருமா சின்னக் கிண்ணத்தில் அடக்கமாக வரும். இங்கே சால்னா வாளியோடு வருகிறது. நான் பரோட்டாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளித் தொட்டுத் தின்பதைப் பரிமாறியவர் சற்று நேரம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "அப்படித் தின்னா விடிஞ்சிரும்மா. மொத்தமாப் பிச்சுப் போடுங்க, ஊத்துறேன்" என்று அவரே பிய்த்துப் போட்டு இலை நிறைய ஊற்றிவிட்டார். நாலு பரோட்டா தின்றேன். மருத்துவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலைச் சிவகாசிப் பேருந்தில் ஏறியவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகப் போய் உட்கார்ந்தார்கள். மறுபக்கம் காலியாக இருக்கிறதே என்று நான் ஜம்பமாக ஜன்னலோரம் பிடித்தேன். ஊர் தாண்டியதும் காரணம் புரிந்தது. முகத்தின் ஒரு பாதி வெந்தபடி போனேன். எனக்கு முன்னால் இருந்த இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டார்கள். "மழை பேஞ்சா கம்பெனி லீவு. வெயிலடிச்சாலும் மத்தியானத்தோட லீவு. மனுசன் எப்பத்தான்லே வேலை பாக்குறது?" மற்றவர் யோசித்துச் சொன்னார்: "மார்கழில பாரு."

அச்சகம் ஒரு சந்துக்குள் இருந்தது. சின்ன இடம்தான். கீழே ஆப்செட் மிஷின், மாடியில் மூன்று கம்ப்யூட்டர்கள். கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் பேனர், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், காலண்டர் எல்லாம் அங்கேதான். சுவர் முழுக்கப் பழைய லேபிள்கள் ஒட்டியிருந்தன. புலி, கிளி, ரோஜா, கன்னத்தில் குழி விழும் குண்டுக் குழந்தைகள். டிசைன் போடும் கணேசனுக்கு நாற்பது வயதிருக்கும். லேபிள் வேலையில் ஊறியவர். "சீசனுக்கு முன்னாலயே வந்துட்டீக டீச்சர். இப்பன்னாத்தான் நிதானமாப் பாக்க முடியும்" என்று சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நாங்கள் முன்பே அனுப்பியிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். நிதானம் மூன்றாவது படம் வரைதான் நீடித்தது. எங்கள் வீட்டுப் பின்புறக் கறிவேப்பிலைச் செடியில் நான் எடுத்த எலுமிச்சை அழகி என்ற பூச்சி அது. ஏதோ ஒரு பறவை கொத்தி, இடது பின்சிறகில் பாதி போயிருந்தது. அப்படியும் அது முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் அந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தோம். கணேசனின் திரையிலோ முழுச் சிறகோடு, அப்போதுதான் கடையில் வாங்கிய சேலைபோல மடிப்புக் குலையாமல் இருந்தது.

"இது என் பூச்சி இல்லை" என்றேன்.

"உங்களதுதான் டீச்சர். இடது பக்கம் ரெக்க பிஞ்சிருந்துச்சு. வலது பக்கத்த வெட்டித் திருப்பி ஒட்டிட்டேன். லேபிள்ல எல்லாத்துக்கும் அப்படித்தான். ஒரு பாதி நல்லாருந்தாப் போதும், மறுபாதிய நாங்க பண்ணிக்கிருவோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வகுப்பறைக் குரல் தானாக வந்துவிடும். உயிரோடு இருக்கிற ஒன்றை இப்படிப் பொய்யாக்கலாமா, அது பட்ட பாட்டைத் துடைத்துவிட நீங்கள் யார் என்று ஏதேதோ சத்தம் போட்டேன். கணேசன் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டி லேபிளில் ஒரு சின்னக் கீறல் தெரிந்தாலும் கடைக்காரர் 'டேமேஜ்' என்று பண்டலையே திருப்பி அனுப்பிவிடுவார், அதனால் கண்ணில் பட்டதைச் சரிசெய்துவிடுவது கைப்பழக்கம் என்று விளக்கினார். பிறகு நாலு தட்டுத் தட்டி என் பூச்சியின் கிழிந்த சிறகைத் திரும்பக் கொடுத்தார். "மோரு குடிக்கீகளா டீச்சர்?" என்று கேட்டார். குடித்தேன்.

நான் கத்தியதைக் கேட்டுப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாயும் மகளும். தாய் முத்துமாரிக்கு நாற்பத்தைந்து வயது சொல்லலாம். பட்டாசுக் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவர். மகள் பவித்ராவுக்கு அடுத்த வாரம் சாத்தூரில் கல்யாணம். மண்டபத்து வாசலில் வைக்கிற பேனருக்காக வந்திருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பேனரில் மணமக்கள் நடுவில் நிற்க, இரு வீட்டுத் தாய் தகப்பன்மார், தாய்மாமன்மார், வாண்டுகள் வரை வட்ட வட்டமாக இடம்பிடித்துவிடுவார்கள். திரையில் பவித்ராவின் அப்பா மீசையோடு இருந்தார். அவருக்குப் பக்கத்து வட்டம் காலியாக இருந்தது.

"அம்மா, ஒரே ஒரு போட்டோம்மா" என்றாள் பவித்ரா.

"அந்த இடத்துல ஒரு ரோசாப்பூ போட்டுருங்க தம்பி" என்றார் முத்துமாரி கணேசனிடம்.

"பூவப் போட்டா அம்மா செத்துப்போயிட்டாகன்னு நெனைப்பாகம்மா!"

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாக. நேர்ல பாத்துத் தெரிஞ்சுக்கிரட்டும்."

மகள் அழுதுவிடுவாள் போலிருந்தது. அப்போதுதான் முத்துமாரியின் இடது கன்னத்தைக் கவனித்தேன். காதடியிலிருந்து கழுத்துவரை தோல் வெந்து இழுத்துச் சுருங்கியிருந்தது. அவர் சுவரோரமாக நாற்காலியைப் போட்டு, வலது கன்னம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள், அன்றைக்கு விட்டால் பேனர் நேரத்துக்குக் கிடைக்காது என்றார் கணேசன்.

சங்கடத்தை மாற்றுவதற்காகவோ என்னவோ, கணேசனே என் பக்கம் திரும்பி எந்தப் பூச்சியைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். வெள்ளைச் சிறகு, முன்சிறகு நுனியில் மட்டும் சிவப்பு, விழுதிச் செடியில் முட்டையிடும் என்று சொன்னேன். முத்துமாரி சட்டென்று தலையைத் தூக்கினார்.

"மருதாணிப் பூச்சியா? விரல் நுனியில மருதாணி வச்ச மாதிரி இருக்கும்லா? எங்க கம்பெனி வேலியில விளுதிச் செடி கெடக்கு. மொச்சுக்கிட்டுத் திரியும். எனக்குக் கல்யாண லீவுதான், நாளைக்கி வாங்க, காட்டுறேன்."

புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. அன்றோடு அதை மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குப் பேருந்து நிலையத்தை அடுத்த டீக்கடை முன்னால் நிற்கச் சொல்லியிருந்தார். ஏழு மணிக்கே போய் நின்றேன். ஒரு பேருந்து வந்தது. சாத்தூர்ப் பாதைதானே என்று கேட்டேன். ஓட்டுநர் தலையாட்டினார். முத்துமாரி உள்ளே இருப்பார் என்று நினைத்து ஏறிவிட்டேன். உள்ளே முழுக்கப் பெண்கள், மடியில் தூக்குவாளிகள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கண்டக்டரைத் தேடிக் காசோடு நான் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்தவர், "புதுசா? எந்த ரூமு?" என்று கேட்டார். வேறொரு பட்டாசுக் கம்பெனி தன் ஆட்களை ஏற்றிப்போகும் பேருந்து அது. நான் பூச்சி பார்க்க வந்தவள் என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல், "பூச்சி பாக்கவும் ஆள் எடுக்காகளா? எனக்கும் சொல்லி விடுங்கக்கா" என்றது. பேருந்து முழுக்கச் சிரித்தது. முத்துமாரி சொல்லியிருந்த கூட்டுரோட்டில் என்னைப் பத்திரமாக இறக்கிவிட்டார்கள். வெள்ளரிப் பிஞ்சு இரண்டு கையில் திணித்தும் அனுப்பினார்கள். அரை மணி கழித்து முத்துமாரி அடுத்த பேருந்தில் குடையோடு வந்திறங்கி, என்னைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அதற்குள் டீக்கடைக்காரர் மூலம் செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

எங்கள் பக்கத்து மலையடிவாரங்களில் பூச்சி பார்க்க விடிகாலையே நல்ல நேரம். இங்கே எட்டரை மணிக்கு ஒரு பூச்சி இல்லை. நான் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டு முத்துமாரி, "அதுக எங்களை மாதிரி இல்ல டீச்சரம்மா. வெயிலேறித்தான் வரும். மெதுவா நடங்க" என்றார். கரிசல் வெடித்துக் கிடந்தது. வேலிக்கருவை, எருக்கு, பூத்து முடிந்த ஆவாரை. நடக்கும்போது அவர் எப்போதும் எனக்கு இடப்பக்கமே வந்தார். பாதை வளைந்து நான் இடம் மாறினால், பேச்சை விடாமலே சுற்றிக்கொண்டு மறுபடி அந்தப் பக்கம் வந்துவிடுவார். தழும்பு விழுந்த ஒன்பது வருடத்தில் அவர் கால்களுக்கே அது தெரிந்துவிட்டிருந்தது.

பத்து மணிக்கு மேல்தான் காடு விழித்தது. எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் பூச்சிகள் வந்தன. ஒரு தண்ணீர்த் தொட்டிக் குழாய் கசிந்து தரை ஈரமாகியிருந்த இடத்தில் மஞ்சளும் நீலமுமாகக் குட்டிப் பூச்சிகள் நாற்பது ஐம்பது உட்கார்ந்து சேற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. நான் துண்டை விரித்துக் குப்புறப் படுத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் படுப்பது எளிது, எழுவதுதான் கஷ்டம். ஒரு ஆடு வந்து என் தொப்பியை மோந்து பார்த்தது. முத்துமாரி எனக்கும் கேமராவுக்கும் சேர்த்துக் குடை பிடித்துக்கொண்டு, பக்கத்தில் குந்தியிருந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். பூச்சி பறந்துவிடக் கூடாதென்று என்னைவிட அவர்தான் கவலைப்பட்டார்.

கம்பெனி வேலியை நெருங்கியதும் அவர் குரல் மாறியது. என் சுடிதாரைத் தொட்டுப் பார்த்தார். "என்ன டீச்சரம்மா, நைலக்ஸா? இங்கன காட்டன் மட்டுந்தான் உடுத்தணும். இது உரசுனாலே பொறி வரும்பாக. வேலியத் தாண்டிராதீக. போன அணைச்சுப் பைக்குள்ள போடுங்க." வேலிக்கு அந்தப் பக்கம், வெகு தூரம் தள்ளித் தள்ளி, சுற்றிலும் கதவு வைத்த சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. வேலிக்கு இந்தப் பக்கம் விழுதிச் செடி ஆள் உயரத்துக்குப் படர்ந்திருந்தது. அதன் மேல் மருதாணிப் பூச்சிகள் பறந்துகொண்டிருந்தன. ஒன்றல்ல, ஏழெட்டு. உட்காரத்தான் இல்லை. என் நீள லென்ஸை நீட்டிச் செடிக்குள் பாதி நுழைந்து காத்திருந்தேன்.

திடீரென்று விசில் சத்தம். வேலிக்குள்ளிருந்து வாட்ச்மேன் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால், அறைகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்பது தெரிந்தது. வேலியோரம் செடிக்குள் ஒளிந்து பெரிய கேமராவோடு ஒரு பெண்பிள்ளை நின்றால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், சோதனைக்கு வந்த அதிகாரி.

"செக்கிங்கா மேடம்? முன்கூட்டியே சொல்லிட்டு வரக்கூடாதா? முதலாளி மதுரைக்குப் போயிருக்காரு" என்றார் வாட்ச்மேன், மூச்சு வாங்க.

முத்துமாரி குறுக்கே வந்தார். "அண்ணே, நான்தான். இவுக பூச்சியப் படம் பிடிக்காக."

"பூச்சிக்காகவா கோயம்புத்தூர்ல இருந்து வந்திருக்காக? போன தடவ ஒருத்தரு ஆடு வாங்க வந்தேன்னு சொல்லிட்டுத்தாம்மா உள்ள வந்தாரு."

கேமராவைத் திருப்பி அவரிடம் நீட்டினேன். வெந்தய வரியன், சேற்றில் உட்கார்ந்த மஞ்சள் கூட்டம், தொப்பியைத் தின்ன வந்த ஆடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலாவது படத்தில் அவருக்குப் பயம் போய்விட்டது. ஏழாவது படத்தில், "அந்த மூலையில நெறைய வரும், அங்கன போய் நில்லுங்க" என்று வழிகாட்ட ஆரம்பித்துவிட்டார். அதற்குள் மரத்தடிப் பெண்கள் முத்துமாரியை அடையாளம் கண்டுகொண்டார்கள். அலுமினியப் பவுடர் அப்பிய கைகள் வெள்ளியாக மின்ன, வேலிவரை வந்துவிட்டார்கள். "ஏ முத்துமாரி, பேனர்ல உன் போட்டோ வருதா?" என்று ஒருவர் கேட்டார். "வேலையப் போய்ப் பாருங்கத்தா" என்றார் முத்துமாரி.

உடைமர நிழலில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த கம்மங்கூழைக் குடித்தோம். மோர்மிளகாயை ஒரு கடி, கூழை ஒரு மடக்கு. சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும் எனக்கு அன்றைக்கு அந்த மண்பானைக் கூழைவிட எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. நான் கேட்காமலே அவர் சொன்னார்.

"ஒம்பது வருசம் முன்ன பக்கத்து ரூம்ல வெடிச்சது. நான் வாசப்படியில இருந்தேன், பொளச்சுக்கிட்டேன். கண்ணாடி பாக்கேன் டீச்சரம்மா. அதெல்லாம் பளகிருச்சு. கண்ணாடியில நான் நகந்தா அதுவும் போயிருது. போட்டோ அப்படியே நிக்கும்ல? அதான்."

ஆறுதல் சொல்லும் வேலையில் நான் என்றைக்குமே தேறியதில்லை. கூழ்ப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தேன்.

ஒரு மேகம் சூரியனை மறைத்தது. அவ்வளவுதான், பறந்துகொண்டிருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாகச் செடியில் இறங்கின. "இப்ப, இப்ப!" என்று முத்துமாரி என் முழங்கையைப் பிடித்தார். ஒரு பூச்சி, எங்கள் கையெட்டும் தூரத்தில், சிறகை விரித்தபடி இலை மேல் உட்கார்ந்தது. நுனிச் சிவப்பு அப்படியே அரைத்து வைத்த மருதாணிதான். ஆறு படம் எடுத்தேன். நிமிர்ந்தபோது முத்துமாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கன்னம் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற நினைவே இல்லாமல், நேருக்கு நேர், வாய் லேசாகத் திறந்து, மூக்குத்தி பளபளக்க. என்னையும் அறியாமல் லென்ஸ் அவர் பக்கம் போனது. எடுத்துவிட்டுத்தான் கேட்டேன்.

அவர் கேமராவை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இருக்கட்டும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லையே, அதுவே போதும் என்று நினைத்தேன். அப்படியே விட்டிருக்க வேண்டும்.

இரவெல்லாம் அந்தப் படம் மனதில் ஓடியது. அவர் அழகாக இருந்தார். கூடவே பவித்ராவின் அழுகை முகமும் காலியாகக் கிடந்த வட்டமும். அந்தக் கன்னத்துத் தழும்பு மட்டும் இல்லையென்றால் இந்தப் பெண் மகளின் கல்யாண வாசலில் எப்படி நிற்பார் என்று யோசித்து யோசித்து, காலையில் எழுந்தபோது எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டதாகத் தோன்றியது.

சனிக்கிழமை அச்சகம் திறந்ததும் முதல் ஆளாகப் போனேன். மருதாணிப் பூச்சியைக் கணேசனிடம் கொடுத்தேன். பிறகு முத்துமாரி படத்தையும் கொடுத்து, "அந்த வலது பக்கத்தைத் திருப்பி ஒட்டுவீங்களே, அதை இதுக்குச் செய்யுங்க" என்றேன்.

கணேசன் என்னையே பார்த்தார். "முந்தாநாளு இதுக்குத்தான டீச்சர் என்னைய அந்த ஏச்சு ஏசுனீக?"

"அது பூச்சி. இது மனுசங்க."

"சரி டீச்சர்" என்றார். ஐந்தே நிமிடம். கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. முத்துமாரிக்கு இருபது வயது குறைந்துவிட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கணேசன் அதை வட்டத்துக்குள் பொருத்தியபோது தாயும் மகளும் படியேறி வந்தார்கள்.

பவித்ரா திரையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முத்துமாரி திரைக்கு அருகில் வந்தார். குனிந்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏத்தா," என்றார் மகளிடம், "எனக்கு எப்ப ரெண்டு மூக்குத்தி குத்துனாக?"

அப்போதுதான் பார்த்தோம். வலது பாதியைத் திருப்பி ஒட்டியதில் வலது மூக்கின் மூக்குத்தியும் கூடவே போய் இடது மூக்கில் உட்கார்ந்திருந்தது. முத்துமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க அப்பா இந்த ஒண்ண வாங்கித் தரவே மூணு தீவாளி ஆச்சு. கணேசன் தம்பி ஒரு நிமிசத்துல ஒண்ணு வாங்கிக் குடுத்துருச்சே!" சிரிப்பு தொற்றி, கணேசன் சிரித்து, பவித்ரா சிரித்து, கீழே மிஷின்காரர் என்ன என்று எட்டிப் பார்த்தார். முத்துமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்புக் கண்ணீர்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

"அந்த மூக்குத்திய மட்டும் எடுத்துரவா அக்கா?" என்றார் கணேசன்.

"அத மட்டும் எடுத்துட்டா நானாயிருவனா தம்பி?" முத்துமாரி நிமிர்ந்தார். "பேனர்ல ஒரு மூஞ்சி, பந்தியில ஒரு மூஞ்சின்னு இருந்தா, சம்பந்தி வீட்டாளுக பொண்ணோட அம்மா எங்க, எங்கன்னு மண்டபம் பூரா தேடிக்கிட்டுத் திரிவாக. டீச்சரம்மா அங்கன வச்சு எடுத்தாகல்லா, அத அப்படியே போடுங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. முப்பது வருடம் மற்றவர்களின் தப்பைச் சிவப்பு மையில் சுழித்தவள் நான். "அது நான்தான் செய்யச் சொன்னேன். மன்னிச்சிருங்க முத்துமாரி" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். காய்த்துப்போன, பசை வாடை அடிக்கிற கை. "எனக்கு நல்லது நெனச்சுத்தான செஞ்சீக. விடுங்க" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் எனக்கு வலப்பக்கம் நின்றிருந்தார். இடது கன்னம் எனக்கு நேரே இருந்தது.

கணேசன் பழைய படத்தைத் திரும்ப எடுத்து வட்டத்தில் வைத்தார். சுருங்கிய கன்னம், ஒற்றை மூக்குத்தி, எதையோ பார்த்து வியந்து நிற்கும் கண்கள். பவித்ரா நாற்காலிக்குப் பின்னால் வந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அச்சுக்கு அனுப்பிவிடலாமா என்று கணேசன் கேட்டார்.

"நில்லுங்க தம்பி," என்றார் முத்துமாரி. "அவுக படம் மட்டும் என்ன அம்புட்டுப் பெருசா இருக்கு?"

"வழக்கமா அப்பா படத்தக் கொஞ்சம் பெருசா வைப்போம் அக்கா."

"என்னையும் பெருசா வைங்க."

கணேசன் மவுஸைப் பிடித்து இழுத்தார். திரையில் முத்துமாரியின் முகம் மெல்ல மெல்லப் பெரிதானது. மீசைக்காரரின் அளவுக்கு வந்ததும் கணேசன் கையை எடுத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம்" என்றார் முத்துமாரி.